மணல் அறை

பக்கத்து வீட்டில் மணலைப் பெருக்கி முடிக்க முடியாது. காலையில் அக்கா பெருக்குவாள். மாலையில் அவள் கணவரும் அவர் தம்பியும் வேலை முடிந்து வந்து, குழாயடியில் உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மறுநாள் பாயைச் சுருட்டினால் மறுபடியும் மணல் இருக்கும். காதுக்குள்ளிருந்தும் தலைமுடியிலிருந்தும் உதிர்ந்தது.

"ஊரெல்லாம் சோறு சம்பாதிக்கப் போகுது. எங்க வீட்டுல ரெண்டு பேரும் மணலைச் சம்பாதிச்சுக்கிட்டு வர்றாங்க," என்பாள் அக்கா.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர். குழாயும் துவைக்கிற கல்லும் பொது. நான் மின்சார அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. அதனால் தெருவில் எனக்குப் பெயர் மீட்டர். அக்கா மட்டும் தம்பி என்று கூப்பிடுவாள். என் மனைவி இருந்தவரை இருவரும் அந்தக் கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் போன பிறகு, அக்கா என் வாசலில் ஒரு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவாள். கிண்ணத்தைக் கழுவிக் கல்லின்மேல் வைப்பேன்.

அக்காவின் கணவரை மூத்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் தம்பிக்குப் பெயர் விசில். இரண்டு விரலை மடித்து நாக்கின் கீழே கொடுத்து அவன் ஊதினால், தெருமுனையிலிருந்து எங்கள் குழாயடி வரை கேட்கும். பட்டறையில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் விசில் மேலே ஏறிக் கேட்கும் என்பார்கள். வேலை முடிந்து தெருமுனை திரும்பியதும் ஒரு விசில் அடிப்பான். அதைக் கேட்டதும் அக்கா முட்டையை வேகப் போடுவாள். அவர்கள் நடந்து வந்து குளித்து முடிப்பதற்கும் முட்டை வேகுவதற்கும் சரியாக இருக்கும்.

அவர்கள் செய்தது புதுசைப் பழசாக்குகிற வேலை. தைத்து முடித்த ஜீன்ஸ் பேன்ட் விறைப்பாக, கருநீலமாக வரும். வாங்குகிற நாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்காது. தொடையிலும் முட்டியிலும் வெளுத்து, பல வருஷம் உடுத்தியது போல இருக்க வேண்டும். அதற்கு மணல் அடிப்பார்கள். நான் மாதாமாதம் அங்கே மீட்டர் பார்க்கப் போவேன். பிளாஸ்டிக் திரை தொங்கும் ஒரு அறை. கம்பிக்கூண்டுக்குள் ஒரு பல்பு. காற்று அடைத்த ரப்பர் கால்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பேன்ட்டை மாட்டி, ஹோஸைப் பிடித்து, தொடையில் மணலைப் பீய்ச்சுவார்கள். மூக்கில் ஒரு துணி கட்டியிருப்பார்கள். பின்சுவரில் ஒரு காற்றாடி அறைக்குள் இருப்பதை வெளியே தள்ளும். அதற்கு எதிரே இருந்த மரம் மழை பெய்தால் மட்டும் பச்சையாக இருக்கும்.

அறையை விட்டு வெளியே வருகிறவனுக்கு முகம் இருக்காது. புருவம், இமை, உதடு எல்லாம் ஒரே வெள்ளை. பல வருஷம் கூட வேலை பார்க்கிறவர்களே ஆளை நடையை வைத்துத்தான் சொல்வார்கள்.

மூத்தவர் இருமிக்கொண்டிருந்தார். வெகு நாளாகவே. சளி என்றார்கள். பிறகு பீடி என்றார்கள். பீடியை விட்டார், இருமல் விடவில்லை. குழாயடியிலிருந்து வாசலுக்கு மூன்று படி. நடுப்படியில் நின்று, யாரையோ தேடுவது போலத் தெருவைப் பார்ப்பார். தேட யாருமில்லை. மூச்சு வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி டாக்டர் வந்தாள்.

நான் மீட்டர் பார்க்கப் போன நாள் அது. பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றபோது காது வலித்தது. கட்டிப் போட்டிருந்த பேன்ட் மூட்டைகளின் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நம் ஊர்ப் பெண்தான். கையில் ஒரு பெட்டி. அவளுக்குப் பின்னால் வெளிநாட்டுக்காரர் ஒருவர், வயதானவர். இன்னும் மூன்று இளைஞர்கள், மூவரும் மூன்று நாட்டு முகம்.

"நான் டாக்டர். வேலை செய்யுற இடத்துல வர்ற நோயை ஆராய்ச்சி பண்றதுக்குப் பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தப் பெரியவர் எங்க புரொஃபசர். இவரோட யுனிவர்சிட்டியில நம்மள மாதிரி நாடுகள்ல இருந்து ஆளுங்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறாங்க. கூடப் படிக்கிற இவர் செங்கல் சூளையைப் பார்க்கிறார். அவர் பூச்சி மருந்து. இன்னொருத்தர் சுரங்கம். எனக்கு மணல்," என்றாள்.

"அப்ப நீங்க பாஸ் பண்றதுக்கு நாங்க பாடப் புத்தகமா டாக்டரம்மா?" என்றான் விசில். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. கொஞ்சம் அப்படித்தான்."

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு நின்றது.

பிறகு அவள் விளக்கினாள். ஒரு குழாயில் ஊத வேண்டும். நெஞ்சுக்கு ஒரு படம் எடுப்பார்கள், அதற்கு வேன் வரும். முடிவை முதலாளிக்குச் சொல்ல மாட்டார்கள். ஊதினவரிடம் மட்டும் சொல்வார்கள். "இதுல யாருக்கும் கட்டாயம் இல்ல. இஷ்டம் இல்லேன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல."

மேஸ்திரி தூணில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "எப்ப வேணும்னாலும் விலகிக்கலாமாம்ல? கேட்டுக்கங்கடா. நல்லாக் கேட்டுக்கங்க," என்றார்.

அவர் சொன்ன விதத்தில் அந்த நல்ல வார்த்தை வேறொன்றாக மாறியது.

மூத்தவர் எதையும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரரின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் போட்டிருந்தது ஒரு வெளுத்த ஜீன்ஸ்.

"நம்ம பட்டறை அடி இல்ல. இடது கைக்காரன் எவனோ அடிச்சிருக்கான். நல்ல கைடா," என்றார் என் காதருகே.

அன்று மாலை குழாயடியில் வேறு பேச்சே இல்லை. மூத்தவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். விசில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் என் குடத்தோடு முறைக்குக் காத்திருந்தேன்.

"முதலாளிகிட்ட சொல்ல மாட்டாங்களாம். முதலாளி வாசல்ல பெட்டியை வெச்சுக்கிட்டு, முதலாளி கரண்டுல மெஷினை ஓட்டிக்கிட்டு, முதலாளிகிட்ட சொல்ல மாட்டாங்களாம். காதுல பூ சுத்துறதுக்கு ஒரு அளவு வேணாம்?" என்றாள் அக்கா.

"மேஸ்திரி என்ன சொல்றாரு?" என்றார் மூத்தவர்.

"அவரு ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு," என்றான் விசில். "ஆனா ஒண்ணுண்ணே, பேன்ட் வாங்குற கம்பெனிதான் இதுக்கு ஒத்துக்கச் சொல்லி எழுதியிருக்காம். ஊத முடியாத ஆளைக் கழிச்சுக் கட்டிடுவாங்கன்னு பாய்லர்க்காரன் சொன்னான்."

"எதுக்குங்க ஒரு அந்நிய நாட்டுக்காரனுக்கு நம்ம மூச்சு மேல இவ்வளவு அக்கறை?" அக்கா கையிலிருந்த பாத்திரத்தை 'டங்'கென்று வைத்தாள். "சும்மா தர்றாங்க, சும்மா பார்க்குறாங்கன்னா அங்கதான் விவகாரம். பேன்ட்டையும் அவங்களே வாங்குவாங்களாம். அடிச்சவன் மூச்சையும் அவங்களே அளப்பாங்களாம். தம்பி, நீங்க படிச்சவரு. மெஷினோட பழகுறவரு. மெஷின் பொய் சொல்லுமா?"

"சாதாரணமா சொல்லாது அக்கா," என்றேன்.

"அப்ப இவரு ஊதினா?"

மூத்தவர் இருமினார். பதில் அதிலேயே இருந்தது.

"போகச் சொல்லுங்க. இருக்கிறது தெரிஞ்சா நல்லதுதானே," என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை. "உங்க வீட்டுக்காரிக்கும் எடுத்தாங்களே தம்பி ரத்தம். ஒவ்வொரு நாளும் ஒரு குப்பி. என்ன தெரிஞ்சுது?"

அந்த முடிவு வந்தபோது என் மனைவி உயிரோடு இல்லை. அதை நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது அக்காதான். நான் குடத்தைக் குழாயின் கீழே வைத்தேன்.

"இந்த வருஷம் இவரு வேலையில நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு," என்று அக்கா தனக்கே சொல்லிக்கொண்டாள். "இவனுக்குப் பொண்ணு பேசி வெச்சிருக்கு. ஒருத்தன் சம்பாத்தியத்துல எப்படி ரெண்டு குடும்பம்? அந்தக் குழாயை வாயில வெச்சதுக்கப்புறம் இவரை வெளிய அனுப்பிட்டா, வேற எவன் சேர்த்துப்பான்? இருமுற ஆளை யாரு கூப்பிடுவா?"

பிறகு நடந்ததை அக்காவும் விசிலும்தான் எனக்குச் சொன்னார்கள். சோதனை நடந்த அன்று மாலை. அவ்வளவு சிரிப்பு அந்தக் குழாயடியில் நான் கேட்டதில்லை.

"மீட்டர் சார், இங்க வாங்க, ஒரு கூத்தைக் கேளுங்க," என்றான் விசில். "முதல்ல என் பேரைக் கூப்பிட்டாங்க. போனேன். மூக்குல ஒரு கிளிப்பு. வாயில அட்டைக் குழாய். 'ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும்'னு அந்தம்மா கத்துது. பிரசவம் பார்க்குற மாதிரி. ஊதினேன். வேன்ல ஏறி நெஞ்சைக் காட்டினேன். இறங்கினேன். நேரா மணல் ரூமுக்குள்ள போனேன். இன்னொரு தடவை நல்லா வெள்ளையடிச்சுக்கிட்டேன். அண்ணன் தொப்பியை மாட்டினேன். அண்ணன் பேரைக் கூப்பிட்டாங்க. மறுபடியும் ஊதினேன், மறுபடியும் வேன்ல ஏறினேன்!"

"நெசமாவா?"

"அந்தம்மா நிமிர்ந்தே பார்க்கல. எங்க மூஞ்சியில பார்க்க என்ன இருக்கு? வயசு என்ன, எத்தன வருஷமா வேலைன்னு கேட்டுச்சு. அண்ணனோடதைச் சொன்னேன். 'நல்லா ஊதினீங்க'ன்னு சொல்லிச்சு. அண்ணே, நீ நல்லா ஊதினியாம்!"

"நீங்க எங்க இருந்தீங்க?" என்று மூத்தவரைக் கேட்டேன்.

"வாஷிங் மெஷின் பின்னாடி. ஈரப் பேன்ட் மூட்டை மேல," என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"யோசனை யாருதுன்னு கேக்கல நீங்க," என்றான் விசில். "எல்லாம் அண்ணி மூளை. மந்திரியா இருந்திருக்க வேண்டிய ஆளு. நம்ம வீட்டுல வந்து மணல் பெருக்குது."

"போடா. உனக்குத்தான் எருமை மாதிரி மூச்சு இருக்கே. ஒரு நாளைக்கு அண்ணனுக்குக் கடன் குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

நான் எதைச் சொன்னாலும் அந்தச் சிரிப்பில் கேட்டிருக்காது.

கொஞ்ச நாள் அப்படியே போனது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. மேஸ்திரி பல் குத்திக்கொண்டே இருந்தார். பட்டறைக்குள் மட்டும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. யார் எப்படி ஊதினான், யாரிடம் பெட்டி டாக்டர் தனியாகப் பேசினாள் என்று கணக்கு வைத்தார்கள். பாய்லர்க்காரனோடு அவள் சிரித்துப் பேசியதை யாரோ பார்த்துவிட்டான். அன்றிலிருந்து பாய்லர்க்காரன் தனியாகத்தான் டீ குடித்தான்.

வெயில் ஏறியது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அக்காவுக்கும் விசிலுக்கும் தினமும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"இன்னும் முட்டை வேகல. கொஞ்சம் உட்காரு."

"பசிக்குது அண்ணி."

"சொல்லாம கொள்ளாம வந்து நின்னா? மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகிடுச்சு, இனி தெருவுல விசில் அடிச்சா மரியாதை குறைஞ்சிடுமோ?"

"ஆமா, அப்படித்தான் வெச்சுக்கங்க."

ஒரு விடுமுறை நாள் காலையில் பெட்டி டாக்டர் எங்கள் சந்துக்குள் வந்தாள். தனியாக வந்தாள். இந்தத் தடவை பெட்டி இல்லை. ஒரு பெரிய பழுப்பு உறை. அக்கா கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். நான் என் வாசலில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இருக்காங்களா?"

அக்கா ஈரக் கையைத் துடைக்கவில்லை. "எதுக்கு?"

"ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் வாங்க," என்றாள். "படிச்சவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும்," என்று டாக்டருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

ஒரே அறை. ஒரு ஜன்னல். மூத்தவர் பாயில் உட்கார்ந்திருந்தார். விசில் கண்ணாடி பார்த்து மீசை கத்தரித்துக்கொண்டிருந்தான். அக்கா டீ கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அக்கா டீ கொடுக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றுதான் முதல்முறையாக மணல் பூசாத அவர்கள் முகத்தைப் பார்க்கிறாள். உறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். விலா எலும்புகள். நடுவில் கருப்பு. கருப்புக்குள் மாவு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்குத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சு கூடினது?"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"இங்க பாருங்க. இடது பக்கம் இந்த எலும்புல ஒரு முண்டு. ரெண்டு படத்துலயும் இருக்கு. ஒரே இடத்துல. ஒரே மாதிரி."

"ரெண்டு பேருக்கும்தான் உடைஞ்சுது," என்றாள் அக்கா. கண் இமைக்கவில்லை. "சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே சைக்கிள்ல போய் விழுந்தாங்க. எங்க மாமியார் சொல்லியிருக்காங்க."

"ஒரே பக்கமா?"

"ஒரே பள்ளம்தானே?"

டாக்டர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. படங்களைத் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் செஞ்ச முதல் வேலை இது. இந்த ரெண்டு படத்தையும் பார்த்துட்டு எனக்குத் தூக்கம் வரல. அண்ணன் தம்பிக்கு ஒரே மாதிரி நோய், ரத்தத்துலயே ஏதோ இருக்குன்னு எங்க புரொஃபசருக்கு நீளமா எழுதினேன். பெருமையா எழுதினேன். அவரு ரெண்டே வரி பதில் போட்டாரு. 'தோள்பட்டையைப் பார். பிறகு ஆளைப் போய்ப் பார்'னு."

மூத்தவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் விழல டாக்டரம்மா. அவன்தான் விழுந்தான்," என்றார்.

"ஏங்க!" என்றாள் அக்கா.

"போதும் விடு. ரெண்டும் அவன் ஊதினது. நான் மூட்டைக்குப் பின்னால இருந்தேன். மேஸ்திரிகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் சொல்லிச் செய்ய வெச்சேன்."

அது பொய். அந்த வீட்டில் அன்று ஆளுக்கு ஒரு பொய் இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல வரல," என்றாள் டாக்டர்.

அக்கா சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது. "அப்ப படத்துல தெரியுற நோய் இவருக்கு இல்ல. அதானே? இவருக்கு ஒண்ணும் இல்லேன்னு எழுதிக்கலாம்ல?"

"இவரை நான் இன்னும் பார்க்கவே இல்லையேம்மா. இவருக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது யாரோட படமோ, அவரு இனி அந்த மணல் ரூமுக்குள்ள போகக் கூடாது. ஒரு நாள்கூட."

எல்லோரும் விசிலைப் பார்த்தோம். மீசையில் ஒரு பக்கம் கத்தரித்து, ஒரு பக்கம் கத்தரிக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் சிரித்தது அவன்தான். பிறகு அக்காவும் சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு அது.

"இவனுக்கா? இவனைப் பாருங்க டாக்டரம்மா. இவன் தின்னா ஒரு சட்டி சோறு போகும். மூட்டையை ஒத்தக் கையில தூக்குவான். இவன் விசில் அடிச்சா அடுத்த தெரு நாய் எழுந்திரிக்கும். இவனுக்கு நோயா? இப்பத்தான் எனக்குப் புரியுது. உங்க மெஷின் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லும். வேணும்னே சொல்லும்."

"நோய் இருக்கிறவங்களுக்கே ரொம்ப நாளைக்குத் தெரியாதும்மா. உள்ள போன மணல் வலிக்காது."

"மருந்து?"

"இல்ல. போனது போனதுதான். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்கு மணலை விடணும். அது ஒண்ணுதான் வழி."

"வேலையை விட்டுட்டு?" என்றான் விசில். குரலில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "நாளைக்கு என்ன பண்றது, அதையும் சொல்லுங்க."

டாக்டர் உறையை மடித்தாள், பிரித்தாள். "அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குப் பயிற்சி குடுக்கல," என்றாள். "நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரியில இருப்பேன். பின்பக்கக் கட்டடம். ரெண்டு பேரும் வாங்க. முகத்தைக் கழுவிட்டு வாங்க."

அவள் போன பிறகும் அக்கா வாசலிலேயே நின்று, சந்து திரும்பும் வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து பேச ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. பட்டறையை இழுத்து மூடத் திட்டம் போடுகிறார்கள். வேறு நாட்டில் சம்பளம் இன்னும் குறைவாம். இங்கே மூடினால் அங்கே திறப்பார்கள். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். சாக்குக்கு நம் நெஞ்சு. நல்லவேளை நாம் ஆளை மாற்றினோம், இல்லாவிட்டால் மெஷின் பொய் சொல்வது நமக்குத் தெரிந்தே இருக்காது.

"நல்லா இருக்கிறவனை நோயாளிங்குது பாருங்க. மாட்டிக்கிச்சு. நாம ஏமாத்தினதுலதான் அவங்க ஏமாத்துறது வெளிய வந்துச்சு. இல்லையா தம்பி?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. கேட்கக் கேட்க எனக்கே அப்படித் தோன்றியது. மூத்தவர் மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் வாங்கிட்டு வரேன்," என்று விசில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அக்கா விட்ட துணியை மறுபடியும் கல்லில் போட்டு அடித்தாள். வழக்கத்தைவிட ஓங்கி அடித்தாள். நான் என் பொத்தானுக்குத் திரும்பினேன். நூல் ஊசியில் ஏறவில்லை.

"யம்மா!" என்று அக்கா துள்ளினாள். விசில் அவளுக்குப் பின்னால் வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தான். "பூனை மாதிரி வந்து நிக்கிறியே! நெஞ்சே நின்னுடுச்சு. எத்தன தடவை சொல்றது உனக்கு, முனையில வரும்போதே ஒரு விசில் அடிச்சா என்..."

அவள் முடிக்கவில்லை.

கையிலிருந்த துணி கல்லிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. விசிலைப் பார்த்தாள். அவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

"எப்பத்திலேருந்துடா?" என்றாள்.

"என்ன அண்ணி?"

"எப்பத்திலேருந்து நீ விசில் அடிக்கிறதில்ல?"

"கல்யாணம் ஆகப் போற ஆளு..."

"போ. முனைக்குப் போ. அங்கேருந்து அடி."

"இப்பவா? ஆளுங்கல்லாம் பார்ப்பாங்க அண்ணி."

"பார்க்கட்டும். போ."

அவன் அண்ணனைப் பார்த்தான். மூத்தவர் வாசற்படியில் வந்து நின்றிருந்தார். தலையை அசைத்தார். விசில் வெங்காயத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நடந்தான்.

அக்கா குழாயை இறுக்கி மூடினாள். அது எப்போதும் ஒழுகும். கையை அதன் கீழே ஏந்தி, சொட்டுகிற சத்தத்தையும் நிறுத்தினாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்று கத்தினாள். அது நின்றது. மூத்தவருக்கு இருமல் வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியது. அப்படியே நின்றார்.

நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம். ஒரு சைக்கிள் மணி. அக்காவின் உள்ளங்கை நிறைந்து, தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

வெகுநேரம் கழித்து விசில் சந்துக்குள் வந்தான். மெதுவாக வந்தான். வாசலுக்கு வந்ததும் விளையாட்டாக நிலையில் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றான். விளையாட்டு இல்லை. அவன் விரல் நுனி எச்சிலில் நனைந்திருந்தது.

"கேட்டுச்சா அண்ணி?"

டாக்டரிடம் கண் இமைக்காமல் பொய் சொன்னவள். இங்கே ஒரு சின்ன வார்த்தை போதும். அக்கா கையிலிருந்த தண்ணீரை உதறினாள்.

"இல்லப்பா. கேக்கல."

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது அண்ணி. அதான்."

நான் கொடியைப் பார்த்தேன். மூக்குக்குக் கட்டுகிற துணிகள் இரண்டும் அதில் தொங்கின. அசையவில்லை. அவனும் அதைத்தான் பார்த்தான்.

மூத்தவர் துண்டை எடுத்தார். அடக்கி வைத்த இருமல் எல்லாம் ஒன்றாக வந்தது. விசில் போய் அவரைப் பிடித்துக்கொண்டான். யார் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று சொல்ல முடியாது.

அக்கா கொடியிலிருந்து அந்த இரண்டு துணிகளையும் உருவினாள். மடிக்கவில்லை. அடுப்பின் கீழே விறகு இருக்கும் இடத்தில் திணித்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் அந்தம்மாகிட்ட போறீங்க," என்றாள். "அவங்கவங்க நெஞ்சோட."

"வேலை அண்ணி?"

"நான் இருக்கேன்ல. பேன்ட்டுல நூல் பிசிறு வெட்டுற இடத்துல ஆள் கேக்குறாங்க. மேஸ்திரிகிட்ட நான் பேசுறேன்." அதைச் சொல்லும்போது அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கல்லருகே வந்து, விழுந்த துணியை எடுத்து மறுபடியும் அலசினாள். குழாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"தம்பி, நாளைக்கு லீவு போட முடியுமா? அந்தப் பொண்ணை நான் இன்னும் நம்பல. யாரு பேருல யாரு நெஞ்சை எழுதுறாங்கன்னு பக்கத்துல நின்னு பார்க்க ஒரு ஆளு வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஆஸ்பத்திரிதான். தெரியும். முடியலேன்னா வேணாம்."

பின்பக்கக் கட்டடம் எனக்குத் தெரியும். அதற்குப் போகும் நடை, அதன் பச்சைச் சுவர், அதன் கோடியில் இருந்த பெஞ்ச். என் மனைவி போன பிறகு நான் அந்தத் தெருவில்கூட மீட்டர் பார்க்கப் போவதில்லை. வேறொருவரோடு தெருவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"வரேன் அக்கா," என்றேன்.